யாருக்கு இந்தப் பாடம்?

தலைநகரிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதுகலை பயிலும் மாணவி ஒருவர், மூன்றாம் பருவத்தில் "மாற்றுத்திறன் ஆய்வியல்" என்ற விருப்பப் பாடத்தில் சேர்ந்ததற்குக் கொள்கை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. அவர் முதலில் கேட்ட பாடத்தில் இடங்கள் நிரம்பிவிட்டன. இந்தப் பாடத்தில் தேர்வைவிடக் கட்டுரைகளுக்கே மதிப்பெண் அதிகம், எளிதில் தேறிவிடலாம் என்று விடுதியில் மூத்த மாணவியர் சொன்னார்கள். உடல் குறைபாடு உள்ளவர்களிடம் அன்பாக நடந்துகொள்வது எப்படி என்று சொல்லித் தருவார்கள் என்பதே அவருடைய எதிர்பார்ப்பாகவும் இருந்தது.

முதல் நாளே அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது. வகுப்புக்கு ஒதுக்கப்பட்டிருந்த அறை இரண்டாவது மாடியில் இருந்தது. பாடத்தில் பெயர் பதிந்திருந்த 18 பேரில் ஒருவர் சக்கர நாற்காலியில் வருபவர். மின்தூக்கி பழுதாகிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. நாற்காலியோடு அவரைத் தூக்கிச் செல்ல நான்கு மாணவர்கள் முன்வந்தனர். "நான் மூட்டை இல்லை" என்று அவர் மறுத்துவிட்டார். முதல் வகுப்பு தரைத்தளத் தாழ்வாரத்தில், தரையில் அமர்ந்து நடந்தது. பார்வையற்றவரான பேராசிரியர் அன்று பாடம் எதையும் நடத்தவில்லை. தங்கள் இருப்பிடத்திலிருந்து வகுப்பறை வரை எத்தனை படிகள், எத்தனை சாய்தளங்கள் என்று எண்ணி எழுதி வருமாறு மட்டும் சொல்லி அனுப்பினார்.

ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஏறி இறங்கிய படிகளை அம்மாணவி அன்றுதான் எண்ணினார். 94 படிகள். வழியில் இருந்த ஒரே சாய்தளம் நூலகத்தின் பின்வாசலில் இருந்தது. அதன் குறுக்கே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. அடுத்த வாரம் வகுப்பு தரைத்தளத்தில் இருந்த ஆசிரியர் கூட்ட அறைக்கு மாறியது. அந்த மாற்றத்துக்கு ஆன செலவு, ஒரு கடிதம்.

இப்பாடம் என்ன சொல்கிறது, யாருக்குச் சொல்கிறது என்ற இரு கேள்விகளும் இன்று பொது விவாதத்துக்கு வர வேண்டியவை. முதல் கேள்விக்கு விடை காண முயன்ற அளவுக்கு நமது பல்கலைக்கழகங்கள் இரண்டாவது கேள்வியைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

உடல் குறைபாடு தொடர்பான கல்வி இந்தியாவுக்குப் புதிது அன்று. மருத்துவம், சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பணி ஆகிய துறைகளில் அது நெடுங்காலமாக இருந்து வருகிறது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அத்தகைய தொழிற்படிப்புகளை ஒழுங்குபடுத்துகிறது. காது கேளாத குழந்தைக்கு எவ்வாறு கற்பிப்பது, செயற்கைக் காலை எவ்வாறு பொருத்துவது என்பனவற்றை அறிந்த வல்லுநர்கள் நாட்டுக்குத் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால், அப்படிப்புகளில் ஆராயப்படுபவர் மாற்றுத்திறனாளி. ஆங்கிலத்தில் "டிஸெபிலிட்டி ஸ்டடீஸ்" எனப்படும் மாற்றுத்திறன் ஆய்வியலில் ஆராயப்படுவது சமுதாயம். பள்ளியை யார் கட்டினார்கள், யாரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள், யாரை மறந்தார்கள் என்று அது கேட்கிறது.

இக்கேள்வி அரசியல் போராட்டத்தில் பிறந்தது. 1970களில் பிரிட்டனில், தனி இல்லங்களில் ஒதுக்கி வைக்கப்படுவதை எதிர்த்து, "பிரிவினைக்கு எதிரான உடல் ஊனமுற்றோர் சங்கம்" உருவானது. உடலில் உள்ள குறைபாடு வேறு, அக்குறைபாடு உடையவரைச் சமுதாயம் முடக்கி வைப்பது வேறு என்று 1976இல் அச்சங்கம் வெளியிட்ட ஆவணம் பிரித்துக் காட்டியது. அதன் நிறுவனர்களுள் ஒருவரான விக் ஃபிங்கெல்ஸ்டீன், தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்று, பின்னர் பிரிட்டனில் குடியேறியவர். தோலின் நிறத்தைக் காட்டி மனிதரை ஒதுக்கும் அரசைக் கண்ட ஒருவருக்கு, உடலின் நிலையைக் காட்டி ஒதுக்கும் ஏற்பாடு அடையாளம் தெரிந்ததில் வியப்பில்லை. பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1975இல் தொடங்கிய பாடத்தை வளர்த்தெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1983இல் மைக்கேல் ஆலிவர் இக்கருத்துக்குச் "சமூக மாதிரி" என்று பெயரிட்டார்.

இதையெல்லாம் வகுப்பில் கேட்டுக்கொண்டிருந்த மாணவிக்கு நினைவில் வந்தது பிகாரில் உள்ள தமது ஊர்.

அவருடைய அண்ணன் 1999இல் பிறந்தவர். இரண்டு வயதில் போலியோ தாக்கி ஒரு கால் செயலிழந்தது. நாட்டில் போலியோ கடைசிவரை விடாப்பிடியாக நின்ற மாநிலங்கள் பிகாரும் உத்தரப் பிரதேசமும் என்பது தெரிந்ததே. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதே இந்தியாவின் கடைசிப் பாதிப்பு. 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதியாகச் சான்றளிக்கப்பட்டது. அந்த வெற்றியை நாடு கொண்டாடியதற்கு முந்தைய ஆண்டு, 2013இல், அந்த அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். ஒன்பதாம் வகுப்பு மாடியில் நடந்தது. தந்தை சில நாள்கள் தூக்கிச் சென்றார். பிறகு வயல் வேலை வந்தது. தலைவிதி என்று தாய் சொன்னார். காலில் வலுவில்லாததால் படிப்பு நின்றது என்று ஊர் சொன்னது. தங்கையும் அப்படித்தான் நம்பி வளர்ந்தார்.

பாடத்தின் நான்காம் வாரத்தில் 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தைப் படிக்கும்படி சொன்னார்கள். அதன் 26வது பிரிவு, ஊனமுற்ற ஒவ்வொரு குழந்தைக்கும் 18 வயதுவரை உகந்த சூழலில் இலவசக் கல்வி கிடைப்பதை அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் உறுதி செய்ய வேண்டும் என்கிறது. 30வது பிரிவு, பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் உள்ள கட்டடத் தடைகளை நீக்குவதற்கான திட்டம் பற்றிப் பேசுகிறது. சட்டம் 1996 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அண்ணன் பள்ளியை விட்டு நின்றபோது அவருக்கு வயது 14. சட்டத்துக்கு வயது 17. தலைவிதி என்று வீட்டில் சொல்லப்பட்டது உண்மையில் ஒரு சட்டமீறல் என்பதை, பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்துத் தில்லியில் ஒரு விருப்பப் பாடத்தின் வழியாகத்தான் அந்தக் குடும்பத்தில் ஒருவர் தெரிந்துகொள்ள முடிந்தது. பள்ளித் தலைமை ஆசிரியருக்கோ வட்டாரக் கல்வி அதிகாரிக்கோ அப்பிரிவு தெரிந்திருந்ததா என்ற கேள்வி அவரை அந்தப் பருவம் முழுவதும் விடவில்லை.

மேலைநாட்டுக் கோட்பாட்டை அப்படியே இறக்குமதி செய்வதால் என்ன பயன் என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அக்கேள்வி அந்த வகுப்பிலேயே எழுந்தது. மாடிப்படியை அகற்றியிருந்தாலும், மழைக்காலத்தில் சேறாகும் சாலையில் அண்ணன் பள்ளிக்கு எப்படிப் போயிருப்பார் என்று அம்மாணவியே கேட்டார். ஏழைக் குடும்பத்துப் பெண் குழந்தைக்குக் குறைபாடு இருந்தால், அவள் சந்திக்கும் தடைகளில் எது வறுமையால் வந்தது, எது பெண் என்பதால் வந்தது, எது சாதியால் வந்தது, எது உடலால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? தில்லியில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தவரும், போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவருமான அனிதா கய், மாற்றுத்திறன் பெண்களின் பிரச்சினைகளை ஆராய்ந்து 2003இலேயே நூல் வெளியிட்டவர். அவரைப் போன்றோரின் எழுத்துகளால்தான் இத்துறை இந்தியாவில் வேர் பிடித்திருக்கிறது. இந்திய அனுபவத்தை வைத்து மேலைநாட்டுக் கோட்பாட்டைத் திருத்துவதும் இப்பாடத்தின் வேலைகளில் ஒன்று.

பாடப் பட்டியலில் தமிழகமும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்க வைக்கப்பட்டிருந்த தனியார் விடுதியில் தீப்பிடித்து 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. வட மாநில மாணவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஊரின் பெயரே புதிது. தீயைப் பற்றி மட்டும் பேசினால் அது விபத்து. சங்கிலியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது அரசியல் ஆகிறது என்று அவர்களில் ஒருவர் தமது கட்டுரையில் எழுதினார்.

சொற்களைப் பற்றிய விவாதம் தனியே ஒரு வாரம் நடந்தது. 2015 டிசம்பரில் பிரதமர் நரேந்திர மோடி வானொலி உரையில் "திவ்யாங்" என்ற சொல்லை முன்மொழிந்தார். தெய்விக உறுப்பு உடையவர் என்பது அதன் பொருள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் பல அதை ஏற்கவில்லை. தெய்விகம் வேண்டாம், பேருந்தில் ஏற வழி வேண்டும் என்பது அவர்கள் வாதம். தமிழகத்தில் "ஊனமுற்றோர்" என்ற சொல்லுக்கு மாற்றாக "மாற்றுத்திறனாளி" என்பதை 2010இல் அன்றைய முதல்வர் கருணாநிதியின் அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இழிவுபடுத்தும் தொனி நீங்கியது நன்மையே. ஆயினும், பெயர் மாறிய வேகத்தில் பேருந்து நிலையங்களும் பள்ளிக் கழிப்பறைகளும் மாறினவா என்ற கேள்வி எல்லா மாநிலங்களுக்கும் பொது. மரியாதையான சொல், உரிமைக்கு ஈடாக ஒருபோதும் ஆகாது.

இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் பெற்ற உரிமைகளில் எதுவும் தானாக வந்ததில்லை. 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் பற்றிய கேள்வி இடம்பெற வேண்டும் என்பதற்கே அவர்கள் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டத்தில் முன்நின்ற ஜாவேத் அபிதி 2018இல் காலமானார். 2007இல் இந்தியா ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. அதற்கு இசைவான புதிய சட்டம் வர 2016 டிசம்பர் ஆயிற்று. முந்தைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்தது. புதிய சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசுப் பணியில் ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகவும், உயர்கல்வியில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் உயர்ந்தது.

சட்டங்கள் இருந்தும் நீதிமன்றப் படியேற்றம் ஓயவில்லை. பெருமூளை வாதம் உள்ள ஜீஜா கோஷ், 2012இல் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டார், அவருக்கு ரூ. 10 லட்சம் இழப்பீடு வழங்குமாறு 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுதும்போது கைத்தசை இறுகும் கோளாறால் எழுத இயலாத விகாஷ் குமார், குடிமைப் பணித் தேர்வில் தமக்காக எழுத ஓர் உதவியாளரைக் கேட்டதற்கு 2021இல் உச்ச நீதிமன்றம்தான் நியாயம் வழங்கியது. பொது இடங்கள் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று பார்வைக் குறைபாடு உள்ள ராஜீவ் ரதூரி 2005இல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பரிலும் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. எட்டத்தக்க வசதிக்கான தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக ஆக்கிவைத்த விதி, தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் கூறியது. கட்டாயமான தரநிலைகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக அமைந்த கள ஆய்வு அறிக்கையைத் தயாரித்தது ஹைதராபாதிலுள்ள நல்சார் சட்டப் பல்கலைக்கழகத்தின் மாற்றுத்திறன் ஆய்வு மையம். வகுப்பறையில் பேசப்படும் கோட்பாட்டால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை. நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒரு விதியைச் செல்லாதாக்கும் அளவுக்குப் பயன் இருந்திருக்கிறது.

ஆனால், இப்பாடத்தை நடத்தும் இடங்களின் நிலை என்ன? இங்குதான் அம்மாணவியின் அனுபவம் வேறொரு பாடத்தையும் தருகிறது. அவருடைய வகுப்பில் பார்வையற்ற மாணவர்கள் இருவர் இருந்தனர். கணினித் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கொண்டு அவர்கள் பயில்கிறார்கள். பாடத்துக்கான கட்டுரைகளில் பாதி, புத்தகப் பக்கங்களை அப்படியே படமாக எடுத்து வைத்த கோப்புகள். மென்பொருளால் படத்தைப் படிக்க இயலாது. மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கப்படுவதைப் பற்றிய கட்டுரையைப் படிக்க முடியாமல் மாற்றுத்திறனாளி மாணவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். பேராசிரியரும் அதே இக்கட்டில்தான் இருந்தார். இறுதியில் மாணவர்கள் தங்களுக்குள் முறை வைத்து, இரவில் அக்கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள்.

சட்டத்தில் தடை இருந்து இப்படி நடக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள அனுமதி தருகிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. உலக அரங்கில் முதலிடம் பிடித்த நாட்டின் தலைநகரில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், நாற்பது பக்கக் கட்டுரை ஒன்றைப் படிக்கத்தக்கதாக மாற்றித் தர ஆள் இல்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட ஒரு நாள் போதும். நூலகத்தில் ஒருவரை நியமிப்பதற்குத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

மாணவர்கள் தட்டச்சு செய்து கொடுத்தது பாராட்டத்தக்கதே. அதைத் துறைத்தலைவர் விழா மேடையில் "சேவை மனப்பான்மை" என்று புகழ்ந்தார். பார்வையற்ற மாணவர் ஒருவர் எழுந்து, சேவை செய்ய வேண்டியது நூலகம், இவர்கள் செய்தது நூலகம் செய்யத் தவறிய வேலை என்றார். அவையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. அந்தப் பருவத்தில் தாம் கற்றதை அந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்று அம்மாணவி பின்னர்த் தம் தோழியரிடம் சொன்னார்.

பாடம் நடத்தச் செலவிடும் பணத்தில் சாய்தளம் கட்டலாமே என்ற வாதமும் உண்டு. கேட்பதற்கு நடைமுறை அறிவு போலத் தோன்றும் இவ்வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பணம் ஒதுக்கிக் கட்டப்பட்ட சாய்தளங்கள் நாட்டில் ஏராளம். அவற்றில் பல, சக்கர நாற்காலி ஏற முடியாத அளவுக்குச் செங்குத்தானவை. சில, படிக்கட்டின் முதல் படிக்கு மேல் தொடங்குபவை. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகள் பல பூட்டப்பட்டு, துடைப்பமும் பழைய நாற்காலிகளும் வைக்கும் அறைகளாகிவிட்டன. இவற்றைக் கட்டிய பொறியாளரும் ஒப்புதல் அளித்த அதிகாரியும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கற்ற எந்தப் படிப்பிலும் இந்த மனிதர்கள் இடம்பெறவில்லை. கற்றுத்தரப்படாத ஒன்றைக் கட்டச் சொன்னால் அது இப்படித்தான் கட்டப்படும்.

எண்ணிக்கையில் சிறிய பிரிவினருக்காக எல்லோரும் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்போருக்குக் கணக்கு பதில் சொல்லும். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர், மக்கள்தொகையில் 2.21 சதவீதம். அதுவும் எட்டுத் தலைப்புகளில் மட்டும் எண்ணிய கணக்கு. 21 வகைகளை ஏற்கும் சட்டத்துக்கு முந்தைய கணக்கு. 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனது. 2011இல் எண்ணப்பட்டவர்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 55 சதவீதம். பட்டம் பெற்றவர்கள் சுமார் 5 சதவீதம். உயர்கல்வியில் ஒதுக்கப்பட்ட இடங்கள் நிரம்புவதில்லை என்று பல்கலைக்கழகங்கள் சொல்வதற்கும், பிகாரில் ஒரு சிறுவன் ஒன்பதாம் வகுப்புக்கு மாடி ஏற முடியாமல் நின்றதற்கும் உள்ள தொடர்பு இந்த எண்களில் தெரிகிறது. பல்கலைக்கழக வாசலில் இடம் ஒதுக்கிவிட்டு, பள்ளி வாசலில் வழியை அடைத்து வைத்தால் இடங்கள் காலியாகத்தான் இருக்கும். தவிரவும், முதுமையும் விபத்தும் நோயும் யாரையும் எந்த நாளிலும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடும்.

ஆகவே, யாருக்கு இந்தப் பாடம் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கான விடையைப் புதிதாகத் தேட வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத்திலேயே இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பல்கலைக்கழக, கல்லூரி, பள்ளிப் பாடத்திட்டங்களில் இடம்பெற வேண்டும் என்கிறது 39வது பிரிவு. 47வது பிரிவு இன்னும் விரிவானது. ஊராட்சி உறுப்பினர்கள், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், நிர்வாகிகள், காவல்துறையினர், நீதிபதிகள், வழக்கறிஞர்கள் ஆகியோருக்கான பயிற்சிகளில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஆசிரியர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பொறியாளர்கள், கட்டட வடிவமைப்பாளர்கள் ஆகியோரின் படிப்புகளில் இது ஒரு பகுதியாக இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் இவ்வளவு நீண்ட பட்டியலைத் தந்திருக்க, சமூகவியலிலோ ஆங்கில இலக்கியத்திலோ விருப்பமுள்ள சிலர் மட்டும் எடுக்கும் பாடமாக இது சுருங்கிக் கிடப்பது ஏன்?

விருப்பத்தின் பேரில் தரப்படுவது எவ்வளவு எளிதில் பறிபோகும் என்பதற்கு மருத்துவக் கல்வி ஓர் எடுத்துக்காட்டு. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த பகுதி முதன்முறையாக இடம்பெற்றது. மாற்றுத்திறனாளி மருத்துவர்கள் இடைவிடாது முயன்று பெற்றது அது. 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகளில் அப்பகுதி விடுபட்டது. அவர்கள் மீண்டும் குரல் எழுப்ப நேர்ந்தது. வேறு சில பகுதிகளுக்கும் கடும் எதிர்ப்பு எழவே, அடுத்த மாதமே அந்நெறிகள் திரும்பப் பெறப்பட்டன. சட்டத்தின் 47வது பிரிவு நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும், சில மணி நேரப் பாடம் நீடிக்குமா நீடிக்காதா என்பது ஒரு குழுவின் மனப்போக்கைப் பொறுத்ததாகவே இருந்தது.

எல்லோருக்கும் கட்டாயமாக்கினால் இதுவும் ஒரு சடங்காகிவிடும் என்ற அச்சம் பொருளற்றது அன்று. சுற்றுச்சூழல் பாடம் பல கல்லூரிகளில் அடைந்த கதி கண்முன் இருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு, பார்வையற்றோரின் துயரத்தை உணர்ந்ததாகச் சான்றிதழ் வாங்கும் பயிலரங்குகளும் ஏராளமாக நடக்கின்றன. அவற்றால் இரக்கம் கூடலாம். வேறு எதுவும் மாறுவதில்லை. எனவே, பாடத்தோடு மூன்று நிபந்தனைகள் சேர வேண்டும். பாடத்தை வகுப்பதிலும் நடத்துவதிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு முதலிடம் வேண்டும். பாடப்பொருள் அனைத்தும் எல்லா மாணவர்களும் படிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தாம் பயிலும் வளாகத்தையே ஆய்ந்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கைக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். பொறியியல் மாணவர் தம் கல்லூரிச் சாய்தளத்தின் சரிவை அளந்து பார்த்தால், நாளை அவர் வரையும் வரைபடத்தில் அந்தத் தவறு இருக்காது.

அம்மாணவி தமது இறுதிக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது அண்ணன் படித்த பள்ளியை. விடுமுறையில் ஊருக்குச் சென்று படிகளை எண்ணினார். பதினெட்டு. அண்ணன் இப்போது கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தங்கை அழைத்தும் அவர் பள்ளிக்குள் வர விரும்பவில்லை. வாசலிலேயே மூன்று சக்கர வண்டியில் இருந்தார். இப்போது எட்டாம் வகுப்பில் ஊன்றுகோலுடன் ஒரு சிறுமி படிக்கிறாள் என்பதை ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் அம்மாணவி அறிந்தார். சட்டப் பிரிவின் நகலோடு தலைமை ஆசிரியரைப் பார்த்து, அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பைக் கீழே நடத்தும்படி கேட்டார். தலைமை ஆசிரியர் சற்று யோசித்துவிட்டு, ஆறாம் வகுப்பை மேலே மாற்றிக்கொள்ளலாம் என்றார். இதை யாரும் இதுவரை கேட்கவில்லையே என்றும் சொன்னார். அறிவியல் ஆய்வுக்கூடம் மட்டும் மாடியிலேயே இருக்கும். அதற்கு நிதி வர வேண்டுமாம்.

வெளியே வந்து தங்கை இதைச் சொன்னபோது அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "ஆறாம் வகுப்பைக் கீழிருந்து மேலே மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" அரை நாள் ஆகும் என்றார் தங்கை. அவர் ஒன்றும் பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

அரை நாளில் முடிந்திருக்கக்கூடிய ஒரு வேலை செய்யப்படாததால் ஒருவரின் கல்வி நின்றுபோயிருக்கிறது. அந்த வேலையைச் செய்திருக்க வேண்டியவர்கள் யாரும் இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவும் மத்திய, மாநிலக் கல்வித் துறைகளும் 47வது பிரிவை எடுத்துப் படித்து, அதிலுள்ள பட்டியலில் இன்றுவரை யார் யாருக்கு இப்பாடம் சென்று சேர்ந்திருக்கிறது என்று நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். படிகளை எண்ணும் வேலையை மாணவர்கள் தொடங்கிவிட்டார்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு இனி அரசினுடையது.